கார்முகிலின் நாலு பக்கம்

ஆலங்குடி ஸ்டாண்டில் ஜனங்கள் பஸ் ஏறுகிறார்கள். வழியில் ஒருவரும் ஏறுவதில்லை. இது என்ன கூத்து என்று கலைமதிக்குப் பிடிபடவே இல்லை.

அதே பச்சை வண்டி. புதுக்கோட்டைக்கு அதே காலை டிரிப். அரசு வண்டிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. சீட்டுகூட இன்னும் பிளாஸ்டிக் வாசம் போகாத புதுசு. ஆனாலும் கிளைரோடு பிரிகிற கண்மாய்க்கரை விலக்கில் நிற்கிற ஜனம், கார்முகில் என்ற இந்த வண்டி வரும்போது கையை நீட்டாமல் வேடிக்கை பார்க்கிறது. பின்னால் வருகிற வண்டியில் அடித்துப் பிடித்து ஏறுகிறது.

அப்பா உடையப்பன் காலமான பிறகு வாங்கிய வண்டி. ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இப்படித்தான். அண்ணன் கண்ணன் சும்மா இருக்கவில்லை. டிரைவரை மாற்றினான். ஹாரனை மாற்றினான். முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டான். மிளகாய் வாடியதுதான் மிச்சம்.

நேற்று ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தபடியே சொல்லிவிட்டான். "நாளைக்கு வசந்த் வாரான். புது வண்டிய அவுங்க பஸ் கம்பெனி பேர்லயே ஓட்டக் குடுத்துருவோம். பெயின்ட்டு அவுங்க செலவு."

அப்பா காலத்துக் கார்முகிலான பழைய வண்டிக்கு இந்த வருஷத்தோடு ஆயுள் முடிகிறது. புது வண்டியிலும் பேரை அழித்துவிட்டால், கார்முகில் என்ற பெயர் இனி எந்தத் தகரத்திலும் இருக்காது.

அதனால்தான் கலைமதி விடிந்ததும் விலக்குக்கு வந்து நிற்கிறாள். புதுக்கோட்டையில் அவளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் கடை இருக்கிறது. இன்று கடையைத் திறக்கவில்லை.

கிழக்கே, தென்னந்தோப்புகளுக்கு மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டி வரும் திசையும் அதுதான். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். தூரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி தெரிந்தது. பெட்டி பெரிதானது. பச்சையானது. விலக்கில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள்.

இந்த ரோட்டில் கை காட்டினால்தான் வண்டி நிற்கும். டிரைவர் ஆண்டியப்பன் வேகத்தைக் குறைத்து ஒரு தடவை ஆசையாகப் பார்த்தார். யாரும் அசையவில்லை. வண்டி போய்விட்டது.

பக்கத்தில் சாப்பாட்டுக் கூடையோடு நின்ற பெண்ணிடம் கலைமதி கேட்டாள். "ஏம்மா, இப்பப் போன வண்டியில நீங்க ஏறலையா?"

"எந்த வண்டிக்கா?"

"பச்ச வண்டி. இப்பப் போச்சே."

"அதுவா? அது முந்திரி கம்பெனிக்கு ஆள் ஏத்திட்டுப் போற வண்டியில்ல?"

"யாரு சொன்னா?"

"பாத்தா அப்பிடித்தான் இருக்கு." அந்தப் பெண்ணின் பெயர் பிரகதீஸ்வரி. புதுக்கோட்டையில் ஜவுளிக்கடையில் வேலை. "முன்னெல்லாம் இந்நேரத்துக்குக் கார்முகில் வரும்க்கா. நல்ல வண்டி. கண்டக்டரு சில்லறைக்குக் கூட மொறைக்க மாட்டாரு. இப்ப காலையில வாரதில்ல. அந்த மொதலாளி தவறிட்டாராம்ல. அதோட நிப்பாட்டிட்டாங்க போல."

அப்பா போனது ஊருக்குத் தெரிந்திருக்கிறது. வண்டி இருப்பதுதான் தெரியவில்லை.

"நிப்பாட்டலம்மா. இப்பப் போனதுதான் கார்முகில்."

"வெளாடாதீங்கக்கா!" என்று சிரித்துவிட்டு, பின்னால் வந்த அரசு வண்டிக்குக் கையை நீட்டினாள் பிரகதீஸ்வரி.

அந்த ஒரு பேச்சில் பாதி முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஸ்டாண்டில் ஏன் ஏறுகிறார்கள்? அங்கே கண்டக்டர் "கார்முகில், கார்முகில்! புதுக்கோட்டை, புதுக்கோட்டை!" என்று கத்துகிறார். காதால் கேட்டு ஏறுகிறார்கள். வழியில் கத்த ஆள் இல்லை. கண்ணால் பார்த்துத்தான் ஏற வேண்டும். அப்படியென்றால் டிரைவரிலோ, நேரத்திலோ, கண்ணேறிலோ கோளாறு இல்லை. பார்ப்பதில் ஏதோ கோளாறு.

என்ன கோளாறு?

மேற்கேயிருந்து பழைய கார்முகில் ஆலங்குடிக்குத் திரும்பி வரும் நேரம்வரை அவள் அங்கேயே நின்றாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கீரைக்கட்டோடு இரண்டு பேரும், சைக்கிள் டியூபைத் தோளில் மாட்டிய பெரியவர் ஒருவரும் காத்திருந்தார்கள். கலைமதி அவர்களைப் பார்த்தாள், ரோட்டைப் பார்க்கவில்லை.

திடீரென்று மூன்று பேரும் எழுந்தார்கள். கீரைக்கட்டு தலைக்கு ஏறியது. அப்புறம்தான் கலைமதி திரும்பினாள். வண்டி அத்தனை தூரத்தில் இருந்தது. அவளுக்கு ஒரு எழுத்துக்கூடத் தனியாகத் தெரியவில்லை.

"அண்ணே, அது என்ன வண்டி?" என்றாள்.

"கார்முகிலு," என்றார் பெரியவர்.

"இம்புட்டு தூரத்துல படிக்க முடியுதா ஒங்களுக்கு?"

"படிக்கிறதா? எனக்குக் கண்ணாடி போட்டாலும் பேப்பர் தெரியாது. பாத்தா தெரியாதாம்மா, கார்முகிலு?"

அதே வார்த்தை. 'பாத்தா தெரியும்.' பிரகதீஸ்வரியும் அதைத்தான் சொன்னாள், 'பாத்தா அப்பிடித்தான் இருக்கு' என்று.

வண்டியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தாள். நாம் தெரிந்த பெயரை எழுத்துக் கூட்டியா படிக்கிறோம்? தெரிந்த ஆள் தூரத்தில் நடந்து வரும்போது மூக்கையும் காதையும் தனித்தனியாகவா பார்க்கிறோம்? நடையைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். பெயருக்கும் அப்படி ஒரு நடை உண்டு. கார்முகில் என்று எழுதினால் மேலே இரண்டு புள்ளி. நடுவில் 'கி' தலைக்கு மேல் ஒரு வளைவு. 'மு' மட்டும் கீழே ஒரு சுழி. முன்னும் பின்னும் தட்டையாகப் போகிற கோட்டில் இந்த மேடு பள்ளம்தான் அந்தப் பெயரின் முகம். வருஷக்கணக்காகப் பார்த்த கண்ணுக்கு அந்த மேடு பள்ளம் போதும்.

ஆனால் ஒன்று. முகம் மாறாமல் இருக்க வேண்டும்.

ஆலங்குடி ஸ்டாண்டில் இறங்கியபோது, புது வண்டியும் புதுக்கோட்டை போய்த் திரும்பி வந்து பக்கத்திலேயே மூக்கை உள்ளே விட்டு நின்றது. இரண்டு கார்முகில்கள். கலைமதி நடுவில் நின்று இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தாள்.

பழைய வண்டியின் நெற்றித் தகரத்தில் மஞ்சள் எழுத்து. தடித்த கோடுகள். ஒவ்வொரு புள்ளியும் எலுமிச்சம்பழம் அளவு. பம்பர் மேல் ஏறி நின்று கையை வைத்துத் தடவினாள். வருஷாவருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குப் போகும் முன் அதே கோட்டின் மேலேயே பெயின்ட் பூசிப் பூசி, எழுத்து தகரத்திலிருந்து எழும்பி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே படிக்கலாம்.

சின்ன வயதில் அந்தப் பெயின்ட் நாள் அவர்களுக்குத் திருவிழா மாதிரி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம். கண்ணன் ஏணியைப் பிடிப்பான். தம்பி வெற்றிசெல்வன் மஞ்சள் டப்பாவுக்குள் கையை விட்டு அடி வாங்குவான். இவளுக்குப் புள்ளி வைக்கும் உரிமை. அப்பா அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். 'ர்' மேல் ஒன்று, 'ல்' மேல் ஒன்று. ஒரு வருஷம் பெயின்டர், "மொதலாளி, எழுத்துக்கு நெழல் குடுத்து, ஓரத்துல ரெண்டு பூ போட்டுத் தரவா? இப்ப அதான் பேஷனு" என்றார். அப்பா சிரித்தார். "ஏம்ப்பா, நீ கல்யாணத்துக்குப் போறப்ப தலை சீவுவ. தலையவே மாத்திக்கிட்டா போவ?"

மண்ணெண்ணெய் வாசமும், காயாத பெயின்டில் ஒட்டிக்கொண்ட பூச்சியும், அன்று மட்டும் அப்பா கடையில் வாங்கித் தரும் பரோட்டாவும் இப்போதும் அவளுக்கு மூக்கு நுனியில் நின்றன.

இந்தப் பக்கம் புது வண்டி.

அதன் கதை வேறு. கரூரில் பாடி கட்டி முடிகிற சமயத்தில், பேர் எழுதுவதில் மூன்று பிள்ளைகளுக்கும் சண்டை வந்தது. தான் சொல்கிற எழுத்துதான் அப்பாவுக்குப் பிடித்திருக்கும் என்று மூவருமே சாதித்தார்கள். பெற்ற ஆத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. நிலம் பிரிக்கிற மாதிரி வண்டியைப் பிரித்துவிட்டாள்.

"முன்பக்கம் மூத்தவனுக்கு. ரெண்டு பக்கவாட்டும் குவைத்துக்காரனுக்கு. பின்பக்கம் மதிக்கு. இனிமே ஒருத்தர் பக்கத்தப் பத்தி இன்னொருத்தர் வாயத் தொறக்கப்படாது."

யாரும் திறக்கவில்லை. கண்ணன் முன்பக்கத்துக்குப் பாய்கிற மாதிரி சாய்ந்த எழுத்து போட்டான். நூல் மாதிரி மெல்லிய வெள்ளி ஸ்டிக்கர், புள்ளி கொண்டைக்கடலை அளவு. குவைத்திலிருந்து வெற்றிசெல்வன் கட்டம் கட்டமான எழுத்தைப் படமாக அனுப்பினான். கலைமதி பின்பக்கத்துக்குத் தன் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து கொடி சுற்றிய எழுத்தை எடுத்துப் போட்டாள்.

முன்பக்கம்தான் குற்றவாளி என்று அவளுக்குத் தோன்றியது. வண்டி வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு வருகிறது. முகம் நிழலில் கிடக்கிறது. நிழலில் மெல்லிய கோடு கரைந்துவிடும். மிஞ்சுவது ஒரு பச்சைத் தகரம். முந்திரிக் கம்பெனி வண்டி.

ஸ்டாண்டுக்குப் பின்தெருவில்தான் வீடு. கண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். கலைமதி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணன் ரசத்தைப் பிசைந்தபடியே கேட்டான்.

"அப்ப எல்லாம் நான் போட்ட எழுத்தாலதான்?"

"அண்ணே, நான் அப்பிடி..."

"அப்பிடித்தான் சொல்ற. வண்டி ஓட்டுறவனுக்குத் தெரியாதது பத்திரிகை அடிக்கிறவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. எழுத்தப் பாத்தா பஸ்ஸு ஏறுவாங்க? கூட்டம் இல்லேன்னா இல்ல. அவ்வளவுதான்."

"அடுத்தவன் பக்கத்தப் பேசாதன்னு சொன்னேனா இல்லையா?" என்று அடுப்படியிலிருந்து ஆத்தாவின் குரல் வந்தது.

அப்போது கண்ணனின் போன் அடித்தது. எச்சில் கை. ஸ்பீக்கரில் போட்டான்.

"கண்ணன் சார், வசந்த் பேசுறேன். ஆலங்குடி ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். வண்டியப் பாத்துட்டு வீட்டுக்கு வாரேன். வண்டி எங்கிட்டு நிக்கிது?"

"உள்ளதான் சார். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்."

"பழசு நிக்கிது சார். புதுசக் காணோமே?"

"பழசுக்குப் பக்கத்துல பாருங்க."

"பக்கத்துல ஏதோ கல்யாண வண்டி சார். பின்னாடி பூவும் கொடியுமா போட்டுருக்கு. டிரைவரு தூங்குறாரு. அவர எழுப்பிக் கேக்கவா?"

கண்ணனின் கை இலையில் அப்படியே நின்றது. பிறகு அவன் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரிக்கிறான் என்று புரிய கலைமதிக்குக் கொஞ்ச நேரமானது.

"கல்யாண வண்டியாம்! மதி, ஒன் பக்கம்தான்டி அது!"

கலைமதிக்கு முகம் சிவந்துவிட்டது. பத்திரிகையில் அவள் எப்போதும் செய்வது அதுதானே. சாமி பேருக்கு ஒரு ஃபாண்ட், மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, தாய்மாமனுக்குக் கோபம் வராமல் பெரிதாக ஒன்று. ஒரு நாள் பார்த்துவிட்டு அலமாரியில் வைக்கிற காகிதத்துக்கு அது சரி. தினம் அதே ஆட்கள் பார்க்க வேண்டிய வண்டிக்கு அது சரியில்லை. அண்ணன் எழுத்து மட்டும் குற்றவாளி இல்லை. அண்ணனுடையது மெல்லிசு என்றால் அவளுடையது அலங்காரம். நல்ல எழுத்தாகவே மூன்று இருந்தாலும், மூன்று முகத்தில் எதை ஜனம் ஞாபகம் வைத்துக்கொள்ளும்?

"அண்ணே, என் பக்கத்த நான் விட்டுத்தாரேன்," என்றாள். "இப்பவே உரிச்சுப்புடுறேன். உங்க பக்கத்த இன்னைக்கு ஒரு நாள் எனக்குக் குடுங்க. சாயங்கால டிரிப் மட்டும். அப்பயும் யாரும் கை காட்டலேன்னா வசந்த்துக்கே குடுத்துருங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

கண்ணன் ஆத்தாவைப் பார்த்தான். ஆத்தா கரண்டியோடு வாசலில் நின்றாள்.

"பிரிச்சது நான்தானே," என்றாள் அவள். "சேத்துக்கங்க."

குவைத்துக்காரனைத்தான் சேர்க்க முடியவில்லை. போனில் விஷயத்தைக் கேட்டதும் வெற்றிசெல்வன் பொங்கினான். "அக்கா, ஊர்ல எனக்குன்னு இருக்கிறது அந்த ரெண்டு பக்கந்தான். ரூம்ல எல்லாருட்டயும் அந்தப் போட்டோவக் காட்டி வச்சிருக்கேன். அதையும் அழிக்கப் போறீங்களா?" பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அவன் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். கலைமதி தினசரித் தாள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டினாள். பழைய வண்டியின் நெற்றியில் ஆண்டியப்பன் அதைப் பிடித்துக்கொள்ள, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாள். எழும்பி நின்ற பெயின்டின் ஓரம் தாளில் கறுப்பாக வந்தது. கா. ர். மு. கி. ல். கண்ணன் தானே ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"அங்கிட்டு ஒரு புள்ளி விட்டுப்போச்சு பாரு," என்றான்.

புதுக்கோட்டையில் ஸ்டிக்கர் வெட்டும் கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "எடம் பத்தாது. அகலத்த மட்டும் கொஞ்சம் நசுக்கிக்கட்டா?" என்றார்.

"நசுக்கப்படாது. மொத்தமாச் சின்னதாக்குங்க. அகலமும் உயரமும் ஒண்ணாக் கொறையணும்."

நசுக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நிற்கிற கோடு ஒல்லியாகும். படுத்த கோடு அப்படியே இருக்கும். 'மு'வின் வயிற்றுக்குள் இருக்கிற வெற்றிடம் அடைத்துக்கொள்ளும். எழுத்து அதே எழுத்துதான், ஆனால் முகம் வேறு முகம். தெரிந்தவர் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தால் ஒரு நொடி அடையாளம் தெரியாதே, அந்த மாதிரி. பஸ்ஸுக்குக் கை காட்ட அந்த ஒரு நொடிதான் கிடைக்கிறது.

சாயங்காலம் புது வண்டி புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குக் கிளம்பியது. முன்னால் மஞ்சள் எழுத்து. பின்னால் உரித்த இடம் வெறுமையாக இருந்தது. இப்போது சூரியன் மேற்கே. வண்டியும் மேற்கிலிருந்துதான் வருகிறது. விலக்கில் நிற்பவர்களுக்குக் காலையில் இருந்த அதே நிழல் முகம், திசை மட்டும் வேறு. நல்ல வெளிச்சத்தில் சோதித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

கண்ணன் டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான். கலைமதியும் வசந்த்தும் ஏறியிருந்தார்கள். "எனக்கொண்ணும் அவசரமில்ல சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பெயின்ட் ஷாப்புல எடம் சொல்லி வச்சிருக்கேன்," என்றான் வசந்த் சிரித்தபடி.

விலக்கு நெருங்கியது. டியூஷன் முடிந்த பிள்ளைகள், மண்வெட்டியோடு இரண்டு பேர், குடையை மடித்து வைத்திருந்த ஒரு அம்மா. ஆண்டியப்பன் ஆக்சிலேட்டரை விடவுமில்லை, மிதிக்கவுமில்லை.

முதலில் குடை உயர்ந்தது. அப்புறம் மண்வெட்டிக்காரரின் கை. அப்புறம் பிள்ளைகள் எல்லாருமாக.

"ஏய், கார்முகிலுடா!" என்று வெளியே ஒரு குரல்.

கண்ணன் திரும்பவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றான். ஏறிய அம்மா குடையைச் சீட்டுக்கடியில் தள்ளிக்கொண்டே, "எங்கய்யா போயிருந்தீங்க இத்தன நாளா?" என்று கண்டக்டரை அதட்டியது எல்லாருக்கும் கேட்டது.

"வெள்ளிக்கிழமை வேணாம் சார்," என்றான் கண்ணன் வசந்த்திடம். "எடத்த வேற யாருக்காவது குடுக்கச் சொல்லுங்க."

வசந்த் தோளைக் குலுக்கினான். ஜன்னலுக்கு வெளியே பக்கவாட்டைச் சுட்டிக்காட்டினான். "இந்தக் கட்ட எழுத்து?"

கண்ணன் கலைமதியைப் பார்த்தான். கலைமதி கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து போனை எடுத்தாள். வெற்றிசெல்வன் எடுக்கவில்லை. அவனுக்குக் குரலைப் பதிந்து அனுப்பினாள்.

"தம்பி, கோவம் அடங்குனதும் கேளு. இன்னைக்கு விலக்குல எல்லாரும் கை காட்டுனாங்க. இனி செய்ய வேண்டியது இதுதான். கார்முகில்ங்கிற பேரு இனிமே ஒரே எழுத்துல இருக்கணும்: முன்னால, பின்னால, ரெண்டு பக்கவாட்டு, டிக்கெட்டு, சட்டையில குத்துற பேட்ஜு, எல்லாத்துலயும் பழைய வண்டியோட தடிச்ச எழுத்து. ஊர்ப் பேரு எழுதுற பலகைக்கு மட்டும் ரெண்டாவதா ஒரு எழுத்து, பூவு கொடி இல்லாம, நேரா நிக்கிறது. மூணாவது எழுத்து கெடையாது. பெருசாக்கலாம், சின்னதாக்கலாம், நசுக்கப்படாது, இழுக்கப்படாது, சாய்க்கப்படாது. அவ்வளவுதான்டா. ஒன் பக்கம் எங்கயும் போகல, இனி நாலு பக்கமும் நம்ம மூணு பேருக்கும்தான்."